ரேஞ்ச் கிடைக்காத சிம்

மனைவிக்குப் புதுப் போனைத் தேர்ந்தெடுத்து, விலையிலும் ஆயிரத்தைக் குறைத்துவிட்ட தெம்பில் வேதமாணிக்கம் கேட்டார்:

"இனி சிம். எங்க வீட்டுல சுத்தமா ரேஞ்ச் கிடைக்காதது எது மக்கா?"

இரண்டு மாநில டவர்களும் போட்டி போடும் எல்லையூரான பனச்சமூட்டில் இப்படியொரு கேள்வியா? கடைக்காரி ரெஜிலா முறைத்தாள்.

"மாமிய யாருட்டயும் பேச விடமாட்டியளோ?"

"எங்கிட்ட பேச வைக்கதுக்காக்கும்! சண்டை போட்டு ஒரு மாசம் ஆச்சு. அடுக்களையில இருந்துட்டு, 'சாயா ரெடி'ன்னு முன்வாசல்ல இருக்குற எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்புதா. ரேஞ்ச் போனா வாயைத் திறந்துதானே ஆகணும்?"

ரெஜிலா சிரித்துவிட்டாள்.

"அப்படி ஒரு சிம் உண்டு மாமா. நேத்து மாமி வந்து, ஒங்களுக்குன்னு அதைத்தான் கேட்டாவ."

வேதமாணிக்கம் போனை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.