வாய் திறக்காத வகுப்பு

“அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?”

டீச்சர் கேட்டாள். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரியம்மா பேனாவால் முழங்காலைத் தட்டினார். பக்கத்தில் தலைமையாசிரியர், பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் ஒவ்வொருவராக இந்த வகுப்புக்கு வந்து ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். காலையிலிருந்து மூன்று பேர் நடத்திவிட்டுப் போயாயிற்று. நாலாவதாக வந்தவள், இதே வகுப்புக்கு மூன்று வருஷமாகப் பாடம் எடுக்கும் தற்காலிக டீச்சர்.

கேட்கவா வேண்டும்? வெளியே காத்திருந்தவர்கள்கூட, ‘இந்தம்மாவுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டு ஜெயிச்சுடும்’ என்று பெருமூச்சு விட்டார்கள்.

“சரி, சுலபமா கேக்கறேன். இந்தக் காகிதத்தைச் சரிபாதியா மடிச்சிருக்கேன். ஒரு பக்கம் எவ்வளவு?”

காகிதத்தைப் பிரித்து, நடுவிலிருந்த மடிப்பை விரலால் காட்டினாள்.

“போன வாரம் எல்லாரும் மடிச்சுப் பார்த்தோமே, கண்ணுங்களா.”

ஒருத்தன் ஜன்னல் வழியாகக் காக்கையைப் பார்த்தான். ஒருத்தி, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை மறுபடி சீவினாள். முதல் பெஞ்சு இரட்டைச் சடைக்காரி வகுப்பிலேயே பெரிய வாயாடி. அவள் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

“போதும், நிறுத்துங்கம்மா,” என்றார் அதிகாரியம்மா. “காலையில டை கட்டிக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. அரைன்னு எழுதச் சொன்னா, ரெண்டை மேல போட்டு ஒண்ணைக் கீழ போட்டாரு. இந்தப் பசங்கதான் திருத்தினாங்க. அடுத்து வந்தவர் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் வந்து விழுந்துச்சு. முன்னப்பின்ன தெரியாதவங்க கேட்டா கொட்டுது. உங்களைப் பார்த்தா மட்டும் ஏன் வாய் ஒட்டிக்குது?”

“தெரியலை மேடம்.”

“எனக்குத் தெரியுது. அடிப்பீங்களா?”

“ஐயோ, இல்லைங்க மேடம்.”

“அப்போ திட்டுவீங்க. பயம் இல்லாம இப்படி உறைஞ்சு போகாதுங்க.”

“பசங்க மேல தப்பில்லை மேடம். நீங்கள்லாம் உட்கார்ந்திருக்கீங்கன்னு கூச்சப்படறாங்க.”

“காலையில அந்தக் கூச்சம் எங்க போச்சு?”

டீச்சருக்குக் கண் நிறைந்தது. இந்த மாதத்தோடு அவளுடைய தற்காலிக வேலை முடிகிறது. இந்த இடத்துக்கு நிரந்தரமாக வேறு ஒருவர் வரப்போகிறார். இதில் தேறினால் ஏதாவது ஒரு பள்ளியில் வேலை கிடைக்கும். தேறாவிட்டால் எந்தப் பள்ளியிலும் இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவும், படித்துக்கொண்டிருக்கும் தம்பியும் அவள் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கரும்பலகையை அழித்தாள். சாக்பீஸைப் பெட்டியில் வைத்தாள். வாசல்வரை போனவள், பழக்கதோஷத்தில் திரும்பினாள்.

“சத்தம் போடாம இருங்க. இடைவேளைக்கு அப்புறம் வந்து மிச்சக் கதையைச் சொல்றேன்.”

அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

“தங்கமான டீச்சர், ஸ்கூலுக்கே தூண் அது இதுன்னு சொன்னீங்களே சார்,” என்றார் அதிகாரியம்மா.

“எனக்கே ஒண்ணும் புரியலை மேடம்,” தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். “நேத்து வரைக்கும் இதுங்களோட வாயை மூட வைக்கறதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.”

“பெரியவங்க நம்மகிட்ட நடிப்பாங்க சார். சின்னப் பசங்களுக்கு அது வராது.”

அப்படிச் சொல்லிவிட்டு மதிப்பெண் தாளை மடியில் வைத்து, பத்துக்கு ஒன்று போட்டார். அந்த ஒன்றும் போனால் போகிறதென்று போட்டது. கையெழுத்துப் போடப் போனவருக்கு ஏனோ மனசு ஆறவில்லை. தாளோடு எழுந்து முதல் பெஞ்சுக்குப் போய், இரட்டைச் சடைக்காரியின் பக்கத்தில் குனிந்தார்.

“நீ சொல்லு பாப்பா. அரையும் காலும் எவ்வளவு?”

அவள் கண் தாள்மேலேயே இருந்தது. “அதுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்லை.”

“போடுங்க. அப்புறம் சொல்றேன்.”

“இது என்ன கண்டிஷன்?”

“கையெழுத்துப் போட்டா மாத்த முடியாதுல்ல?”

“மாத்த முடியாதுதான். அதுல உனக்கென்ன வந்துச்சு?”

இரட்டைச் சடைக்காரி பின்னால் திரும்பினாள். வேண்டாம், வேண்டாம் என்று எல்லாத் தலைகளும் ஆடின. பாவம், அவளும்தான் எவ்வளவு நேரம் தாங்குவாள்?

“முக்கால்,” என்றாள் பட்டென்று. “எங்க எல்லாருக்குமே தெரியும். டீச்சர் எப்பவோ சொல்லிக்கொடுத்துட்டாங்க.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“பாஸானவங்களை வேற ஊரு ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்கன்னு வாட்ச்மேன் மாமா சொன்னாரு. அதான், காலையில வந்தவங்களை எல்லாம் நாங்களே பாஸாக்கி அனுப்பிட்டோம்.”

அதிகாரியம்மா மெல்லப் பேனாவை மூடினார்.

அவள் அவருடைய கையைப் பிடித்து ஆட்டினாள்.

“எங்க டீச்சர் ஃபெயில்தானே மேடம்? இனிமே எங்ககூடவே இருப்பாங்கல்ல?”