நிலுவையில் ஒரு பெயர்

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் சாப்பிட உட்கார மாட்டேன்" என்றாள் பெவர்லி.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில், இருநூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாவை எதிர்த்து நடந்த விடுதலைப் போரில் இறந்தவர்களின் கல்லறைக் கற்களை, அந்தப் போரில் சண்டை போட்டவர்களின் வம்சத்தவருக்கு மட்டுமான சங்கத்துப் பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். மே மாத நினைவு நாளுக்கு முன்னால் வருஷா வருஷம் நடக்கிற வேலை. மெத்தென்ற பிரஷும் தண்ணீரும் மட்டும்தான். பிளீச் பட்டால் பழைய கல் பொடிந்துவிடும்.

பெவர்லிக்கு ஒரு கல்லிலும் கை நிற்கவில்லை. பாதி கழுவுவாள், எழுந்து நடப்பாள், திரும்பி வருவாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் தலைவி லுயெல்லா.

"நோரீனைத்தான் சொல்றேன். நம்ம சங்கத்துல சேர மூணு வருஷமா விண்ணப்பம் போட்டுட்டுக் காத்துக் கிடக்கா. பழைய ராணுவக்காரங்க இல்லத்துக்கு சூப் தூக்கிட்டுப் போறது அவ. போர்வை தைக்கிறது அவ. நினைவு நாள் ஊர்வலத்துல மட்டும் நாம எல்லாம் பதக்கம் குத்திட்டு நடக்கணும், அவ ஓரமா நின்னு கை தட்டணும்."

"வம்சாவளி பாக்கிறது விவியன் பொறுப்பு. அவகிட்டக் கேளு."

"கேக்காமலா? 'இன்னும் ஒரு அத்தாட்சி வரணும்'னு அதையே சொல்றா. அந்த அம்மாவுக்கு நோரீன் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில தட்டு கழுவுறது பிடிக்கல. அதான் விஷயம்."

லுயெல்லா அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும் போல.

மூன்றாவது வரிசையில் நோரீன் முட்டி போட்டு ஒரு கல்லில் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. கல்லோடு பேசிக்கொண்டே தேய்ப்பது அவள் வழக்கம். பெவர்லி அவளிடம் போனாள்.

"இதுல கிடக்கிறது பத்தொம்பது வயசுப் பையன், பெவர்லி. ஏழு தலைமுறைக்கு முந்தின எங்க எஸ்ரா தாத்தாவுக்குத் தெரிஞ்ச பையனா இருந்திருப்பான்" என்றாள். "ராஜா படை ராத்திரியில ஊருக்குள்ள வந்தப்போ, பாலத்துக்கிட்ட வழியில நின்னவர் எங்க தாத்தா. எங்கப்பா சொல்லிட்டே இருப்பார்."

"தெரியும்டி. நூறு தடவை சொல்லிட்ட."

"இந்த வருஷமாவது ஆயிடுமா?"

பெவர்லிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நேரே விவியனிடம் போனாள். விவியன் ஊர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். தண்ணீர்க் குழாய் அருகே பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டத்துல ஒரு தீர்மானம் கொண்டு வரப் போறேன், விவியன். நோரீன் விண்ணப்பத்தை உங்க கையிலேருந்து வாங்கி என் மருமகள்கிட்டக் கொடுக்கணும்னு. கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா ஒரு சாயங்காலத்துல முடிச்சிடுவா."

விவியனின் கை நின்றது. "முடிச்சிடுவா. அதான் வேண்டாம்கிறேன்."

"ஏன்? தட்டு கழுவுறவ நம்ம கூட நடந்தா உங்க கௌரவம் கொறஞ்சிடுமா? ஞாயித்துக்கிழமை தவறாம முதல் பெஞ்சுல உட்கார்ந்து ஜெபம் பண்றீங்க. எதுக்கு?"

விவியன் குழாயை மூடினாள். நோரீன் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"எஸ்ரா பாலத்துக்கிட்ட வழியில நின்னது நிஜம்தான், பெவர்லி. ராஜா படைக்கு வழி காட்ட நின்னார். பையன்க தூங்கிட்டிருந்த களஞ்சியத்தை அவர்தான் கை நீட்டிக் காட்டினார். நோரீன் அதோ தேய்ச்சிட்டிருக்காளே, அந்த மூணாவது வரிசை முழுக்க அந்தப் பையன்கதான்."

பெவர்லி பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"வேற முன்னோர் யாரும்..."

"அம்மா வழி, பாட்டி வழி, எல்லாம் தேடிட்டேன். ஒருத்தரும் தேறல. முதல் வருஷமே தெரிஞ்சு போச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. பாவம், இப்படிக் காக்க வச்சு..."

"புருஷன் டெட் செத்த அப்புறம் அவ ஜன்னல் திரையைக்கூட விலக்காம கிடந்தது உனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வர ஆரம்பிச்சுதான் மனுஷியானா. விண்ணப்பம் நிலுவையில இருக்கிறவங்க நம்மகூட எல்லா வேலைக்கும் வரலாம். மறுத்துட்டா அவங்களை மறுபடி எந்த வேலைக்கும் அழைக்கக் கூடாதுன்னு நம்ம விதி. நான் 'இல்லை'ன்னு எழுதுற அன்னிக்கு அவளுக்குத் தாத்தாவும் போயிடுவார், நாமளும் போயிடுவோம். அதான் எழுதாமலே வச்சிருக்கேன். எனக்குக் கெட்ட பேரு வந்தா வந்துட்டுப் போகட்டும்."

சாப்பாடு முடிந்தது. பெவர்லி தன் தட்டைத் தொடவே இல்லை. லுயெல்லா மணியை ஆட்டினாள்.

"பெவர்லி, இன்னிக்கு ஒரு முடிவு தெரியணும்னியே, தீர்மானம் ஏதாவது இருக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி நாற்காலியில் நோரீன் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெவர்லி எழுந்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு ஒரு கூடாரம் வாங்கணும். வெயில் மண்டையைப் பிளக்குது."

அன்று காலையிலிருந்து வானம் மூடித்தான் இருந்தது.

"கூடாரம் வேணும்கிறவங்க கை தூக்குங்க" என்றாள் லுயெல்லா, ஒன்றும் புரியாமல்.

முதலில் உயர்ந்தது நோரீனின் கை. உறுப்பினர் ஆகாதவளுக்கு ஓட்டு கிடையாது.

விவியன் எழுந்து, அந்தக் கையிலிருந்துதான் எண்ண ஆரம்பித்தாள்.