ஒத்துப்போகும் மீன்கள்

"ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாத மீனாப் பார்த்துக் குடுங்கோ. எங்காத்துல ஹிம்சை கூடாது" என்றார் பராசரன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் தொப்பை போட்டிருந்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் மட்டும் அதே மெல்லிய கோடு. அவருக்குப் பின்னால் அவர் மனைவி வைதேஹி, மடிசார் கட்டிக்கொண்டு நின்றாள்.

எங்கள் கல்லூரி ஸுவாலஜி லாபில் ஐந்து தொட்டி நிறையக் கடல் மீன். அன்று காலை மண்டபம் கடற்கரையிலிருந்து அட்டெண்டர் சகாயநாதன் ரயிலில் கொண்டுவந்து இறக்கியவை. பாடத்துக்கு வேண்டியது போக மிச்சத்தை இவருக்குக் கொடு என்று பிரின்ஸிபால் உத்தரவு. "மிஸ் சத்யபாமா நல்லதாப் பொறுக்கித் தருவாங்க" என்று அறிமுகமும் செய்துவிட்டுப் போனார். அந்தப் பெயரும் பராசரனுக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை.

ஐம்பத்திரண்டில் உத்திர வீதியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். பாடினேன். சேவித்தேன். என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அப்பா பெருமையாகச் சொன்னார். மீனும் தவளையும் அறுக்கிற கை பெருமாளுக்குத் தளிகை சமைக்க ஆகாது என்று எழுந்துவிட்டார். கேசரியைத் தொடக்கூட இல்லை.

அந்த ஒரு வாக்கியம் ஸ்ரீரங்கத்து வீதியெல்லாம் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறி ஒரு ஜாதகமும் வரவில்லை.

இப்போது அவருக்கு மீன் வேண்டும். பம்பாயில் எங்கோ பார்த்தாராம். கூடத்தில் கண்ணாடித் தொட்டி செய்து, மண்டபத்திலிருந்தே எட்டு டின் கடல் தண்ணீர் தருவித்து ஊற்றி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் கம்பெனி மேனேஜர் குடும்பத்தோடு பார்க்க வருகிறார். திருச்சி ஜில்லாவிலேயே இப்படி ஒன்று கிடையாது என்று இரண்டு தரம் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது.

ஒரே ஒரு கிளாத்தியைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். மற்ற மீன்களின் துடுப்பையெல்லாம் இரண்டு நாளில் கடித்துக் குதறிவிடும். ஆனால் அது ஒருநாள் துக்கம். செத்ததை அள்ளிக் கொட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். எனக்கு ஒரு நாள் போதாது.

அதனால் மிக யோக்கியமாகப் பொறுக்கினேன்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று. பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டு கூட்டமாகவே திரியும் குட்டிகள் ஆறு. மணலைவிட்டு நகராத உளுவை ஒன்று. ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போகாது, ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையாது. இவ்வளவு ஒற்றுமையான குடும்பம் ஸ்ரீரங்கத்திலேயே இருக்காது.

டின்னில் விட்டு மூடிய பிறகுதான் கேட்டார். கேட்பார் என்று தெரியும்.

"கோவில் குளத்துல போடறாப்ல பொரி போட்டாப் போறுமோன்னோ?"

எங்கள் தெருக்காரர்களுக்கு மீன் என்றால் பொரி தின்னும். காலேஜில் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"பொரியைத் தொடாது. பச்சை இறால்தான். காந்தி மார்க்கெட்டில் கிடைக்கும். தோலை உரிச்சு, பொடிப்பொடியா நறுக்கி, காலம்பற ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். தினம்" என்றேன். டாக்டர் மருந்து சொல்கிற மாதிரி, நிதானமாக.

அவர் முகம் வெளுத்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாது, மேனேஜரை அழைத்தாகிவிட்டது. நன்றாகப் பார்த்து ரசித்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? இறால் நாறும் விரலோடு இவர் பெருமாள் முன்னால் போய் நிற்பதை நினைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அரை நிமிஷம்தான்.

பராசரன் பின்னால் திரும்பினார்.

"மார்க்கெட்டுக்கு ஆளை அனுப்பிடறேன். நீ கொல்லையில வெச்சு நறுக்கிடு, வைதேஹி. அப்புறம் தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டுத் தளிகை உள்ளுக்குப் போ" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜட்கா வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனார்.

காலையில் ஒரு முழுக்கு, சாயங்காலம் ஒரு முழுக்கு. மார்கழிக் குளிரிலும். நான் ஓங்கிய அடி அவரை விட்டுவிட்டு இவள் தலையில் போய் விழுந்திருந்தது. அன்றைக்கு அவர் அந்தக் கேசரியைத் தின்றிருந்தால் இது என் தலை.

வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. மீனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

வைதேஹி முந்திக்கொண்டாள். டின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தாள்.

"தொட்டியில ஒரு குடம் காவேரித் தீர்த்தம் கலந்தா என்ன ஆகும்?"

அவள் குரலில் கவலை எதுவும் இல்லை. குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்கிற குரல்.

கடல் மீனுக்கு நல்ல தண்ணீர் எமன். வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே நான் நடத்துகிற பாடம் அது. பாடத்தில் இல்லாததையும் இவளுக்குச் சொன்னேன்.

"ஒரு குடத்துக்குத் தாங்கிடும். நாலு விடணும்."

தலையாட்டினாள். மூடியை வைத்து, டின்னைத் தண்ணீர் அலுங்காமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஜட்காவைப் பார்க்க நடந்தாள்.