மெர்வின் மழைக் கோப்பு

"எனக்கு இந்த நெலம வந்தா சாவிய ஒளிச்சு வைக்காத, கோரலி. மூஞ்சிக்கு நேரா கேளு."

"கேட்டா குடுத்துருவியாக்கும்!"

"கேட்டுத்தான் பாரேன்."

ஒன்பது வருடங்களுக்கு முன்பு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது. கண் மங்கிப்போன அப்பாவின் கார் சாவியை மெர்வ் மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்துவிட்டு வந்த நாள் அது. கிழவர் அதன்பிறகு சாகும்வரை மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று சாயங்காலம் கோரலிக்கு அது ஏனோ நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஏழு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் சுற்றிய கம்பளியைக் கழற்றவும் அலுப்பாக இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக மெர்வ் அவளை மடிக்கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டான்.

"எழுத்தெல்லாம் மறுபடியும் எறும்பாயிடுச்சு, அம்மணி," என்று டீயை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ சக்கரைய சிந்தியிருப்ப."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மார்ச்சில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை. இது மூன்றாவது.

மௌசுக்கு இடம் போதவில்லை. மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினாள்.

திரையில் இருந்தது அவனுடைய மழைக் கோப்பு. தினமும் காலை, பள்ளிப் பேருந்தில் பதினொரு பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். சரியாக ஒன்பது மணிக்குக் கொல்லைப்புறம் போய், கம்பத்தில் நிற்கும் மழைமானியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான். தேதி, எதிரே எத்தனை மில்லிமீட்டர். அவ்வளவுதான் கோப்பு. அவன் அப்பா நோட்டில் எழுதினார். இவன் கணினியில் எழுதுகிறான்.

இந்தப் பக்கத்து விவசாயிகள் விளைச்சலைப் பற்றிப் புளுகுவார்கள். பிடித்த மீனைப் பற்றிக் கூசாமல் புளுகுவார்கள். மழையைப் பற்றி ஒருவரும் புளுக மாட்டார்கள்.

அவள் கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தினாள். எதைக் கொண்டு திறக்க வேண்டும் என்று கணினி கேட்டது. மார்ச்சில் ஒரு நிரலை மாற்றிக் கொடுத்திருந்தாள், மே மாதத்தில் இன்னொன்றை. இந்த முறை, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளும் நிரல் ஒன்றைப் பொறுக்கினாள். இனி எப்போதும் இதிலேயே திறக்கட்டும் என்று குறித்தாள்.

விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. மனம் வேறெங்கோ இருந்தது.

போன வாரம் மெர்வின் தம்பி கிளைவ் கடைவாசலில் அவளை மறித்துக் கேட்டிருந்தான்: "அண்ணனுக்கு எம்மேல என்ன கோவம் அண்ணி? எதிர்க்க வர்றான், ஒரு விரலத் தூக்கல!"

இந்தச் சாலையில் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கி வணக்கம் சொல்லாதவன் கிடையாது. மெர்வ், முன்பின் தெரியாத லாரிக்காரனுக்கும் தூக்குகிறவன்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் விழுங்கிவிட்டாள். மாமனாரின் மூடிய வாய் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

"முடிஞ்சுது," என்று எழுந்தாள்.

"எதுக்கும் ஒருதரம் தொறந்து பாத்துரு."

மார்ச்சிலும் இதையே சொன்னான். திறந்ததும் மூடிவிட்டாள். மே மாதத்திலும் சொன்னான். அடுப்பில் இறைச்சி தீய்ந்துகொண்டிருந்தது, அன்றும் படிக்கவில்லை.

இன்று எழுந்தவள் தன்னையறியாமல் மறுபடி உட்கார்ந்தாள். அவள் கோப்பைத் திறந்தாள்.

எழுத்துகள் கட்டைவிரல் உயரத்துக்கு வந்து நின்றன. எறும்பாவது ஒன்றாவது.

ஜூலை பதினான்கு. எதிரே ஒன்றுமில்லை.

ஜூலை பதின்மூன்று. ஒன்றுமில்லை.

மழை இல்லாத நாளுக்குப் பூஜ்யம் போடுவான். இது பூஜ்யம் இல்லை, வெறும் இடம். பதின்மூன்றாம் தேதி விடிய விடிய மழை கொட்டியது, கொடியில் கிடந்த துணி மொத்தமும் நனைந்தது.

அவள் மேலே மேலே உருட்டினாள். ஜூன் முழுக்கத் தேதிகள் மட்டும். ஏப்ரலில் அங்கங்கே ஓர் எண். மார்ச் ஐந்து வரைதான் வரிசை ஒழுங்காக இருந்தது.

மழைமானியின் கோடுகள் தலைமுடி கனம்கூட இருக்காது. அவற்றை எந்த நிரலாலும் பெரிதாக்க முடியாது.

தெரியாத எண்ணை அவன் இட்டுக்கட்டி எழுதவில்லை. வெறுமனே விட்டுவிட்டு, படிக்கச் சொல்லி மூன்று முறை அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

கோரலி நிமிர்ந்தாள். மெர்வ் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் தோள்கள் ஏதோ அடியை எதிர்பார்ப்பதுபோல இறுகியிருந்தன.

அவள் பார்வை மேஜைக்குத் திரும்பியது.

சாவிக்கொத்து. பேருந்துச் சாவி எப்போதும் தொங்குவது கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில். முப்பது வருடமாக அவன் அதை வேறெங்கும் வைத்ததில்லை. மார்ச்சில் அது சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் கிடந்தது. மே மாதத்திலும் கிடந்தது. இரண்டு தடவையும் வழியில் கிடக்கிறதே என்று அவளேதான் எடுத்துப்போய் ஆணியில் மாட்டினாள்.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் கையைச் சாவியின்மேல் வைத்தாள்.

"மெர்வ், பஸ் சாவிய எங்கிட்ட குடுத்துரு."