பத்து நிமிஷம் முந்திய கடிகாரம்

சுவர்க்கடிகாரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. முற்றத்தில் கிடந்த பழைய நிழற்கடிகாரத்தைப் பார்த்து, “மேகம் வந்தா உனக்கு வாயடைச்சுப் போகும். நானோ சூரியனுக்கே பத்து நிமிஷம் முன்னால போறவன்” என்றது.

“உன்னை முன்னால திருப்பி வெச்சது யாரு?” என்று கேட்டது நிழற்கடிகாரம்.

“வீட்டுக்காரர் இசக்கியப்பன்தான். ஏழரை பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு என்னையே நம்பியிருக்கார்.”

அந்நேரம் அடுக்களையிலிருந்து அவர் மனைவி, “ஏழரை ஆச்சே, கிளம்பலையா?” என்றாள்.

இசக்கியப்பன் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார். “அது பத்து நிமிஷம் கூட ஓடுது. இன்னொரு காப்பி கொடு” என்று சாவகாசமாக உட்கார்ந்தார்.

அவர் காப்பியை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள், தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டு பஸ் போய்விட்டது.

கடிகாரம் முள்ளை நிமிர்த்திக்கொண்டது.

“பாத்தியா, என்னைப் பாக்காம அவர் உக்காரக்கூட மாட்டார்.”