அசையாத சுவர்

"என் பட்டத்தை நீங்களே வச்சுக்குங்க, டாக்டர். மேடையேறி வாங்கற யோக்கியதை எனக்கில்ல."

ஹிதாயு இப்படிச் சொன்னது டாக்டர் சல்மியாவிடம். அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல. பல்கலைக்கழகத்தில் கட்டட ஆய்வுப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறவர். மாணவியைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஹிதாயுவின் அப்பா ஹம்தான் படுத்திருந்தார். பள்ளிப் பஸ் ஓட்டுகிறவர். முந்தாநாள் பெய்த மழையில் வீட்டின் பின்சுவர் சரிந்து, இரண்டு கால்களும் நசுங்கிவிட்டன. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பஸ் ஓட்டுவதை மட்டும் மறந்துவிடச் சொன்னார்கள்.

"மழைக்குச் சுவர் விழுந்தா நீ என்ன பண்ணுவ, அயு?" என்று கேட்டார் சல்மியா.

"அது விழாதுன்னு எழுதிக் கொடுத்தவ நான்தானே?"

கடைசி வருட ஆய்வுக்கு மற்ற மாணவர்கள் பழைய பள்ளிவாசல், ரயில் நிலையம் என்று கிளம்பியபோது, ஹிதாயு ஈப்போ பக்கம் கோப்பேங்கில் இருந்த தன் வீட்டின் பின்சுவரையே எடுத்துக்கொண்டாள். ஈயம் தோண்டி மூடிய மண்ணில் கட்டிய வீடு. சுவரின் வெளிப்பக்கம் கோணலாக ஒரு விரிசல். அதன் குறுக்கே, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிற மாதிரி விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டி, மேலே தேதி எழுதினாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறிந்துவிடும். முறியவில்லை என்றால் அது பழைய விரிசல், பயப்பட வேண்டியதில்லை. மாதா மாதம் அப்பா, அவளுக்கு 'அபா', போனில் படம் எடுத்து அனுப்புவார்.

"எல்லாப் படத்தையும் நானும்தான் பாத்தேன்," என்றார் சல்மியா. "நீ எழுதின தேதி அப்படியே இருக்கு. கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது. அதைப் பாத்தா யாரா இருந்தாலும் சுவர் அசையலைன்னுதான் சொல்லுவாங்க. நான் சும்மாவா உனக்கு முதல் மார்க் போட்டேன்?"

"படத்தைத்தானே பாத்தோம்? நான் ஒரு தடவை நேர்ல வந்து சுவர் மேல கை வச்சுப் பாத்திருக்கலாம். பெருநாளைக்கு வந்தப்போகூட, 'பின்பக்கம் ஒரே சேறு, புதுத்துணி பாழாயிடும்'னு அபா சொன்னாரு. சரின்னு பெருநாள் கெத்துப்பாட் சோத்தைத் தின்னுட்டு பஸ் ஏறிட்டேன்."

"அதுக்காக..."

"இடிச்சுட்டுக் கட்டிடலாம்னு என் தாய்மாமன் பாக் சூ அப்பவே சொன்னாரு, டாக்டர். 'உங்களுக்கு என்ன தெரியும்'னு அவரு வாயை நான் அடைச்சேன். இப்ப ஊரு பூரா சொல்லிச் சிரிக்கறாரு. 'கட்டடத்துக்கு வைத்தியம் படிச்ச பொண்ணு, சொந்த வீட்டுக்கு நாடி பாக்கத் தெரியல'ங்கறாரு. தப்பா என்ன?"

சல்மியா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதோ பாரு. வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம் பெரியவங்ககிட்ட பழகு. அப்புறம் பரீட்சை எழுதி ஆய்வாளரா பதிவு பண்ணிக்க. உன் கையெழுத்தைப் பாத்துட்டுத்தான் ஜனங்க வீட்டுக்குள்ள கால் வைப்பாங்க."

"அதுதான் பயமா இருக்கு. என் கையெழுத்தை நம்பி யாரும் ஒரு சுவரோரமா படுக்க வேண்டாம். அந்த வேலைக்கு வரலைன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

ஹிதாயு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாலு வருடமாக அப்பா தன் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளிடமெல்லாம், "என் மகதான் இனிமே உங்க பள்ளிக்கூடம் நிக்குமா விழுமான்னு சொல்லப்போறா" என்று பெருமையடித்தது அவள் நினைவில் வந்து அறுத்தது.

"அவரு எதுக்கு அந்த மழையில பின்பக்கம் போனாருன்னுகூட தெரியல," என்றாள். "கோழிக்கூண்டை மூடப் போயிருப்பாரு. சுவர் கெட்டியா இருக்குன்னு மக சொல்லிட்டாளே, அந்த தைரியம்."

அப்போது அம்மா ரொக்கையா, நூல் கட்டிய பிளாஸ்டிக் பைகளில் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையை ஆசிரியையிடம் நீட்டினாள்.

"குடிங்க, டாக்டர். ஏன் இவ இப்படி அழுவறா?"

"அந்தக் கண்ணாடியை நம்பி ஏமாந்துட்டேன்னு அழுவறா. ஒரு வருஷமா கண்ணாடி முறியாம இருந்து, திடீர்னு சுவர் விழுந்தா அவதான் என்ன பண்ணுவா? நீங்களாவது சொல்லுங்க."

ரொக்கையாவின் களைத்த முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"கண்ணாடியை அவரு அப்படிப் பாத்துக்கிட்டாரு, டாக்டர். பட்டத்துல பாதியை அவருக்குத்தான் கொடுக்கணும்."

"என்ன மாக் சொல்றீங்க?" என்று அம்மாவைக் கேட்டாள் ஹிதாயு.

"பின்ன? 'இது உடைஞ்சா என் படிப்பு போச்சு அபா'ன்னு ஒட்டும்போது நீதானே சொல்லிட்டுப் போன? அது சனியன், மாசத்துக்கு ஒரு தடவை உடையும். உனக்கு மார்க் போயிடுமேன்னு மனுஷன் கடைக்கு ஓடி அதே அளவுக்கு வெட்டிக்கிட்டு வந்து, விரிசலையும் பழைய அளவுக்கே பூசி, உன் எழுத்து மாதிரியே தேதியை எழுதி ஒட்டிப் படம் எடுத்த பிறகுதான் சோத்துல கை வைப்பாரு. பட்டம் உன் கைக்கு வர்ற வரைக்கும் விடக் கூடாதுன்னு, முந்தாநாளும் மழையில அதைத்தான் ஒட்டிக்கிட்டு நின்னாரு."