அகராதிக்கு ஒரு வாசகர்

பங்களாவின் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை புத்தக வரிசை. நடுவில், கண் மட்டத்தில், தங்க எழுத்து மின்ன நின்றன அகராதிக்காரரின் பன்னிரண்டு தொகுதிகளும். இருபத்திரண்டு வருட உழைப்பு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

விலை போனது இந்த ஒரு செட்தான். உபயோகமாக இருக்கிறது என்று ஒரே ஒரு வாசகராவது கைப்பட எழுதித் தராவிட்டால், கிடங்கில் இருப்பதெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதுமே பங்களா முதலாளி பேனாவைத் திறந்துவிட்டார். அதுவும் தங்கம்.

“எங்க வீட்ல அதைத் தொடாம யாருக்கும் பொழுது விடியாது சார். குழந்தைங்க கண்ணு முழிச்சதும் நேரா அங்கதான்.” அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அகராதிக்காரருக்கு மனசு உறுத்தியது. புத்தகங்களை எடுத்துப்போக முதலாளி அனுப்பிய தச்சர், ஒன்றைக்கூடப் பிரிக்காமல் முதுகுப் பக்கத்தை மட்டும் டேப் வைத்து அளந்தபோது, இது படிக்கிற வீடில்லை என்று இவர் மனதுக்குள் ஏசியிருந்தார்.

கடிதம் பைக்குள் போனதும் முதலாளி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். ஒரு சின்னச் சந்தேகமாம். பளிங்குத் தரையையும் பாட்டுக்கு ஆடும் நீரூற்றையும் சுற்றிப் பார்த்த சம்பந்தி, ‘ஒரே பகட்டா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“பாராட்டுதானே சார்? வாசல்ல கல்வெட்டா வெச்சிடலாம்னு பாக்கறேன்.”

பகட்டு! அந்த ஒரு சொல்லோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியவர் இவர். உடுப்பில் பகட்டு, பேச்சில் பகட்டு, துக்க வீட்டில்கூடப் பகட்டு என்று பதினோரு வாக்கியம் பொறுக்கி, கடைசியில் ‘உள்ளே ஒன்றுமில்லாததை மறைக்கும் வெளி மினுக்கு’ என்று முடித்திருந்தார். கடிதம் எழுதிக்கொடுத்த மனிதரின் முகத்துக்கு நேரே இதை எப்படிச் சொல்வது? ஒன்பதாம் தொகுதியில் அவரே படித்துக்கொள்ளட்டும்.

“ஒரு நிமிஷம் இருங்க,” என்று எழுந்து போய், ஒன்பதாம் தொகுதியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை.

முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

“இழுக்காதீங்க சார், தள்ளுங்க. கதவு திறந்ததும் பாத்ரூம் லைட்டு தானா எரியும்.”